பொப்லர் நகரசபையும் ஏழைகளின் வரியும்

இலண்டன் மாநகரத்தின் படத்தை விரித்துவைத்துத் தேம்ஸ் நதியைக் கிழக்கு நோக்கிப் பின்தொடர்ந்தால், ஓரிடத்தில் அந்நதி தெற்கே வளைந்து, மீண்டும் வடக்கே திரும்பி, குதிரை இலாடம்போல் ஒரு வடிவத்தை வரைந்து செல்வதைக் காணலாம். மூன்று பக்கமும் நீரால் சூழப்பட்ட அத்தாழ்நிலத்துக்கு ‘நாய்த்தீவு’ என்று பெயர். ஒருகாலத்தில் சதுப்பாகக் கிடந்த நிலம் அது. அணைகட்டி நீரைத் தடுத்த பின்னர் மேய்ச்சல் நிலமாயிற்று. அதற்கு வடக்கே பொப்லர், புறொம்லி, போ என மூன்று பழைய கோயிற்பற்றுக்கள் உள்ளன. கிழக்கு எல்லையாக லீ என்னும் சிற்றாறு ஓடித் தேம்ஸில் கலக்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அவ்வாற்றின்மேல் வில்போல் வளைந்த பாலமொன்று கட்டப்பட்டதனாலேயே ‘போ’ என்ற பெயர் அவ்வூருக்கு வந்தது. ‘போ’ என்பது ஆங்கிலத்தில் வில்லைக் குறிக்கும் சொல்.

1899ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமொன்றின்படி இலண்டன் இருபத்தெட்டு நகரப் பிரிவுகளாகப் பகுக்கப்பட்டது. ‘பறோ’ என ஆங்கிலேயர் வழங்கும் இப்பிரிவுகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு நகரசபையும் ஒரு மேயரும் அமைந்தனர். மேற்கூறிய மூன்று கோயிற்பற்றுக்களும் நாய்த்தீவும் சேர்ந்து பொப்லர் நகரமாயின. நாலு சதுரமைலுக்கும் குறைந்த அந்நிலப்பரப்பில் 1921இல் சுமார் 160,000 மக்கள் நெருங்கி வாழ்ந்தனர். படத்தில் வரையப்பட்ட அந்த எல்லைக்கோடு வெறும் நிருவாக வசதிக்கான கோடுதான் என்று அன்று பலரும் எண்ணினர். அக்கோட்டினுள்ளே யாருடைய துன்பத்துக்கு யார் விலை கொடுப்பது என்ற பெரிய கேள்வி மறைந்து கிடந்தது. அதனைக் கண்டுகொண்டு, அதற்காகச் சிறை சென்ற ஒரு நகரசபையின் வரலாற்றையே நாம் இங்கு ஆராய முற்படுகின்றோம்.

பொப்லரின் பொருளாதாரம் துறைமுகத்திலிருந்து தொடங்குகின்றது. 1802இல் நாய்த்தீவின் வடபகுதியில் மேற்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இலண்டனுக்கு வரும் சரக்கு யாவும் இருபத்தொரு வருட காலத்துக்கு அங்கேயே இறக்கப்படவேண்டும் என்ற தனியுரிமையை அதனைக் கட்டிய வணிகர் பெற்றிருந்தனர். அங்கு வந்து குவிந்த சீனியும் றம் சாராயமும் கோப்பியும் ஆபிரிக்க அடிமைகளின் உழைப்பால் விளைந்தவை. களவைத் தடுப்பதற்காகத் துறையைச் சுற்றி இருபது அடி உயர மதில் எழுப்பப்பட்டது. 1806இல், சற்றுக் கிழக்கே, கிழக்கிந்தியத் துறை திறக்கப்பட்டது. ஆசிய நாடுகளிலிருந்து தேயிலையும் வாசனைத் திரவியங்களும் பட்டும் அங்கு வந்திறங்கின. அவற்றை நகரின் மத்தியிலிருந்த பண்டகசாலைகளுக்கு வண்டிகளில் ஏற்றிச் செல்வதற்கென்றே அகன்ற நெடுஞ்சாலைகள் போடப்பட்டன. 1868இல் மில்வோல் துறையும் சேர்ந்தது.

பேரரசின் செல்வமெல்லாம் பொப்லரின் ஊடாகவே பாய்ந்தது எனலாம். ஆயினும் வண்டிகள் யாவும் மேற்கு நோக்கியே சென்றன. அங்கு தங்கிய செல்வம் மிகச் சொற்பம். கப்பற் கம்பனியின் பங்குதாரர் மேற்கு இலண்டனின் மாளிகைகளில் வாழ்ந்தனர். அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்தவர்கள் மதிலுக்கு வெளியே, புகையும் ஈரமும் படிந்த சிறு வீடுகளில் வாழ்ந்தனர். ஆசியாவிலிருந்து வந்த கப்பல்களின் ‘லஸ்கார்’ மாலுமிகள் வேலையும் இருப்பிடமுமின்றி அத்தெருக்களில் அலைந்ததும், அவர்களுக்கென 1857இல் மேற்கிந்தியத் துறை வீதியில் ஒரு விடுதி திறக்கப்பட்டதும் நாம் நினைவிற்கொள்ள வேண்டிய செய்திகள்.

துறைமுகத் தொழிலாளிக்கு நிரந்தர வேலை என்பது இல்லை. விடியற்காலையில் துறைவாயிலில் நூற்றுக்கணக்கானோர் கூடி நிற்பர். கங்காணி வந்து தனக்கு வேண்டியவர்களைச் சுட்டி அழைப்பான். அழைக்கப்பட்டவனுக்குச் சில மணிநேர வேலை கிடைக்கும். மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்புவான். கப்பல் வராத நாளில் எல்லோருக்கும் பட்டினி. இந்த ஒழுங்கு முதலாளிக்கு மிகவும் வாய்ப்பானது. வேலையுள்ள மணிக்கு மட்டும் கூலி கொடுத்தாற் போதும். வேலையில்லாத நாளில் தொழிலாளியின் பசிக்கு அவன் பொறுப்பல்லன். அப்பசியை யார் ஏற்பது என்பதைப் பின்னர் காண்போம்.

கப்பல் கட்டும் தொழிலும் ஒருகாலத்தில் அங்கு சிறந்திருந்தது. புறூணெல் என்னும் பொறியியலாளர் அமைத்த ‘கிறேற் ஈஸ்ரேண்’ என்ற பெருங்கப்பல், அன்றைய உலகின் மிகப் பெரிய கப்பல், 1858இல் மில்வோலிலேதான் நீரில் இறக்கப்பட்டது. ஆனால் 1866இல் இலண்டனில் ஏற்பட்ட பண நெருக்கடியோடு தேம்ஸ் கரையின் கப்பற்றொழில் சரிந்தது. ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். பொப்லருக்கு இது முதற்பாடம்: செழிப்பு வந்தபோது இலாபம் வெளியே போயிற்று, சரிவு வந்தபோது நட்டம் ஊரிலேயே தங்கிற்று.

இவ்வூரின் மக்கள் விதியென்று இருந்துவிடவில்லை. போ பகுதியிலிருந்த பிறையன்ற் அன்ட் மே தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலைசெய்த பெண்கள் 1888 யூலையில் வேலைநிறுத்தம் செய்தனர். வெள்ளைப் பொசுபரசின் நச்சுப்புகை தாடை எலும்பையே அரித்துவிடும் கொடுமை ஒருபுறம். சொற்பக் கூலியிலும் தண்டம் அறவிடும் கொடுமை மறுபுறம். அவர்களுடைய நிலையைப் பத்திரிகையில் எழுதி உலகறியச் செய்தவர் அன்னி பெசன்ற் அம்மையார். பின்னாளில் சென்னை அடையாற்றில் வாழ்ந்து, 1917இல் இந்திய தேசிய காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய அதே அம்மையார். அப்பெண்கள் வென்றனர். மறுவருடம் ஓகஸ்ட் மாதத்தில் மேற்கிந்தியத் துறையில் தொடங்கிய வேலைநிறுத்தம் இலண்டன் துறைமுகம் முழுவதையும் நிறுத்திற்று. மணிக்கு ஆறு பென்னி கூலி என்பதே கோரிக்கை. அவுஸ்திரேலியத் தொழிலாளரும் பொதுமக்களும் சுமார் 30,000 பவுண் அனுப்பி உதவினர். ஐந்து வாரங்களில் அதுவும் வென்றது.

இனி, உள்ளூராட்சியின் வரிமுறையைச் சற்று விளங்கிக்கொள்ளல் வேண்டும். நம்மூர்களில் சோலைவரி என்கிறோமே, அதற்கு மூலமான வரிதான் இங்கிலாந்தின் நகரசபைகளுக்கும் முக்கிய வருமானம். வீட்டின், கடையின், தொழிற்சாலையின் ஆண்டுப் பெறுமதியைக் கணித்து, பவுண் ஒன்றுக்கு இத்தனை பென்னி என்று சபை வரி விதிக்கும். மாளிகைகளும் பெரும் வணிக நிலையங்களும் நிறைந்த வெஸ்ற்மினிஸ்ரரில் பவுணுக்கு ஒரு பென்னி விதித்தாற் கிடைக்கும் தொகை, பொப்லரில் அதே ஒரு பென்னி விதித்தாற் கிடைப்பதைப்போல் எட்டு மடங்குக்கும் மேலாக இருந்தது. குடியிருப்போர் பெரும்பாலும் வாடகையோடு சேர்த்தே வரியையும் செலுத்தினர். எனவே வரி உயர்ந்தால் வாடகை உயரும். பாரம் தொழிலாளியின் தோளிலேயே விழும்.

செலவுப் பக்கமோ இதற்கு நேர்மாறு. 1834ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஏழைகளைப் பராமரிப்பது அந்தந்தப் பகுதியின் ஏழைகள் பாதுகாவலர் சபையின் கடமை. அதற்கான பணமும் அந்தந்தப் பகுதியின் வரியிலிருந்தே வரவேண்டும். 1867 முதல் இலண்டன் முழுவதற்கும் ஒரு பொதுநிதி இருந்ததாயினும், ஏழைகளுக்கு அவரவர் வீட்டிலேயே கொடுக்கப்படும் உதவிப்பணம் அந்நிதியில் அடங்கவில்லை. ஆகவே ஏழைகள் மிகுந்த இடத்தில் வரி மிகுந்தது. செல்வர் மிகுந்த இடத்தில் வரி குறைந்தது. துறைவாயிலில் வெறுங்கையோடு திருப்பி அனுப்பப்பட்டவனின் பசியை அவனைப்போன்ற அயலவனே ஏற்கவேண்டும் என்று சட்டம் விதித்தது. எல்லைக்கோடு செய்த மாயம் இதுதான்.

ஏழைகள் விடுதியின் கொடுமையைத் தம் உடம்பில் அறிந்த ஒருவரே பொப்லரில் முதற் குரல் எழுப்பினார். வில் குறூக்ஸ் என்பவர் 1852இல் அவ்வூரிற் பிறந்தவர். கப்பலில் வேலைசெய்த தந்தை ஒரு கையை இழந்ததனால், சிறுவயதிலேயே சகோதரர்களோடு விடுதிக்குள் அனுப்பப்பட்டவர். அவரே 1897இல் அவ்வூரின் பாதுகாவலர் சபைக்குத் தலைவரானார். 1901இல் இலண்டனின் முதலாவது தொழிலாளர் மேயராகவும் விளங்கினார். அவரோடு தோளிணைந்து நின்றவர் ஜோர்ஜ் லான்ஸ்பரி. விடுதியின் உணவையும் உடையையும் மனிதருக்கு ஏற்றவையாக மாற்றியது இவ்விருவரின் முதற்பணி.

முதலாவது உலகயுத்தம் முடிந்தது. போரின்போது 1917 யூனில் ஜேர்மன் விமானக் குண்டு பொப்லர்ப் பாடசாலையொன்றில் வீழ்ந்து பதினெட்டுக் குழந்தைகளைக் கொன்றிருந்தது. இத்தகைய இழப்புக்களுக்குப் பின் வாக்களித்த மக்கள், 1919 நவம்பரில் நாற்பத்திரண்டு ஆசனங்களுள் முப்பத்தொன்பதைத் தொழிற்கட்சிக்கு வழங்கினர். லான்ஸ்பரி மேயரானார். துறைமுகத் தொழிலாளர், புகையிரத ஊழியர், கூலியாட்கள், ஆசிரியை, இல்லத்தரசிகள் முதலியோர் சபையில் அமர்ந்தனர். வீடுகளும் நூல்நிலையமும் நீராடு நிலையங்களும் தாய்சேய் நலமும் அவர்கள் கவனத்தைப் பெற்றன. 1920இல் சபையின் ஊழியர்க்குக் குறைந்தபட்ச வாரச் சம்பளம் நான்கு பவுண் என்று தீர்மானித்தனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம். அக்காலத்தில் இஃது எத்துணைப் புதுமை என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அந்த ஆண்டின் இறுதியிலேயே வணிகம் மந்தமடைந்தது. துறைகள் வெறிச்சோடின. வேலையற்றோர் ஆயிரக்கணக்கிற் பெருகினர். அவர்களுக்கு உதவி கொடுக்க வேண்டுமாயின் வரியை மிக உயர்த்தவேண்டும். உயர்த்தினால், அரைவயிறு உண்பவன் வீட்டிலிருந்தே அதையும் பிடுங்கவேண்டும். உதவியைக் குறைத்தாலோ குழந்தைகள் பட்டினி கிடக்கும். இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு சட்டம் கேட்டது. பொப்லர் மூன்றாவது வழியொன்றைக் கண்டது.

ஒவ்வொரு நகரசபையும் தன் தேவைக்கு அப்பால், இலண்டன் மாவட்டசபை, பொலிஸ், பெருநகர வைத்தியசாலைகளை நடத்திய சபை, நீர்ச்சபை ஆகிய நான்கு பொது அமைப்புக்களுக்காகவும் வரி அறவிட்டுக் கொடுத்து வந்தது. 1921 மார்ச்சில் பொப்லர் நகரசபை அவ்வரியை விதிப்பதில்லை என்று தீர்மானித்தது. தன் ஏழைகளைத் தானே காக்கவேண்டுமென்று விடப்பட்ட ஊர், இலண்டனின் பொதுச்செலவில் மட்டும் ஏன் பங்கெடுக்கவேண்டும்? செல்வமுள்ள பகுதிகள் ஏழைகளின் செலவையும் பகிர்ந்துகொள்ளட்டும். அதன்பின் நாமும் கொடுப்போம். இதுவே அவர்கள் வாதத்தின் சாரம்.

பொது அமைப்புக்கள் நீதிமன்றத்தை நாடின. 1921 யூலை 29ஆந் திகதி, பொப்லர் நகரசபை ஊர்வலமாக உயர்நீதிமன்றத்துக்கு நடந்துசென்றது. முன்னே செங்கோல் தாங்குவோன், பின்னே பதவிச் சங்கிலி அணிந்த மேயர் சாமுவேல் மார்ச், அவர்க்குப் பின்னே சபை அங்கத்தவர்கள், வாத்திய இசை, சுமார் இரண்டாயிரம் ஊரவர். நீதிமன்றத்துக்கும் ஒருவேளை சிறைக்கும் செல்கின்றோம் என்ற கருத்தைத் தாங்கிய பதாகை அவர்களின் மேல் அசைந்தது. சட்டப்படி வரி விதிக்கவேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. அவர்கள் மறுத்தனர். செப்டெம்பர் தொடக்கத்தில் முப்பது பேர் கைதாயினர். ஆண்கள் பிறிக்ஸ்ரன் சிறைக்கும், ஐந்து பெண்கள் ஹொலோவே சிறைக்கும் அனுப்பப்பட்டனர். அப்பெண்களுள் ஒருவரான நெல்லி கிறெஸ்ஸல் அப்பொழுது கர்ப்பவதி.

சிறைக்குள்ளும் அவர்கள் நகரசபையாகவே நடந்துகொண்டனர். சபைக்கூட்டம் நடத்த உரிமை கேட்டுப் பெற்றனர். கூட்ட நாளில் ஹொலோவேயிலிருந்து பெண்களை மோட்டார் வண்டியில் பிறிக்ஸ்ரனுக்குக் கொண்டுவர வேண்டியதாயிற்று. வெளியே திரண்ட மக்களுக்கு லான்ஸ்பரி சிறையறைச் சாளரக் கம்பிகளினூடே பேசினார். பொப்லர்வாசிகள் வாடகை கொடாமை இயக்கத்துக்கு ஆயத்தமாயினர். அயலிலுள்ள ஸ்ரெப்னி, பெத்னல்கிறீன் நகரசபைகளும் பொப்லரின் வழியைப் பின்பற்றத் தீர்மானித்தன.

இப்போராட்டத்தைத் தொழிற்கட்சி முழுவதும் ஆதரித்தது என்று எண்ணிவிடக்கூடாது. அக்கட்சியின் இலண்டன் தலைவர்களுள் ஒருவரும் ஹக்னி நகர மேயருமாயிருந்த ஹேர்பேட் மொறிசன் இதனை எதிர்த்தார். சட்டப்படி ஆளத் தெரிந்தவர்கள் என்று நாட்டுக்குக் காட்டினால்தான் ஆட்சி நம் கைக்கு வரும் என்பது அவர் கருத்து. இக்கருத்தை எள்ளி நகையாடுவது எளிது. ஆயின் அதிலும் ஒரு நியாயம் உண்டு. ஏழைகளுக்காகச் சட்டத்தை மீறலாம் என்றால், நாளை செல்வரும் தமக்காக மீறத் துணிவர். இதற்குப் பொப்லர் அளித்த விடையைச் சொல்லிலன்றிச் செயலிலேயே காண்கின்றோம். அவர்கள் தண்டனைக்கு ஒளிக்கவில்லை. தமக்கென ஒரு சதமும் எடுக்கவில்லை. தங்கள் வாக்காளரிடம் சொல்லியே செய்தனர். மீறலுக்கும் மீறலுக்கும் உள்ள வேற்றுமை அங்கேதான் இருக்கின்றது.

ஆறு வாரங்களில் அரசாங்கம் இறங்கிவந்தது. 1921 ஒக்ரோபர் 12ஆந் திகதி அவர்கள் விடுதலையாயினர். அவ்வருட முடிவுக்குள்ளேயே பாராளுமன்றம் புதிய சட்டமொன்றை இயற்றியது. வீடுகளிலிருக்கும் ஏழைகளுக்குக் கொடுக்கும் உதவியின் செலவும் இலண்டனின் பொதுநிதியில் சேர்க்கப்பட்டது. வெஸ்ற்மினிஸ்ரரின் மாளிகையும் பொப்லரின் பசிக்குப் பங்களிக்கவேண்டியதாயிற்று.

வெற்றிக்கு விலையும் இருந்தது. சிறை சென்ற பெண்களுள் மின்னி லான்ஸ்பரி ஒருவர். குடியேறிய யூதக் குடும்பமொன்றிற் பிறந்து, ஆசிரியையாகப் பணிபுரிந்து, ஜோர்ஜ் லான்ஸ்பரியின் மகன் எட்கரை மணந்தவர். விடுதலையாகி மூன்று மாதம் முடிவதற்குள், 1922 சனவரி முதலாந் திகதி, நியூமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்திரண்டு. போ வீதியில் அவர் பெயர் தாங்கிய மணிக்கூடு ஒன்று இன்றும் இருக்கின்றது. நெல்லி கிறெஸ்ஸலோ நெடுங்காலம் வாழ்ந்து, 1943இல் பொப்லரின் மேயரானார்.

எதிர்ப்பும் ஓயவில்லை. நான்கு பவுண் சம்பளம் மிகையானது என்று அரசாங்கக் கணக்குப் பரிசோதகர் கண்டு, 5,000 பவுணைச் சபையினரே கட்டவேண்டுமென்று விதித்தார். வழக்கு பிரபுக்கள் சபைவரை சென்றது. 1925இல் அங்கிருந்த நீதிபதிகள் பரிசோதகரின் முடிவையே ஏற்றனர். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒத்த சம்பளம் கொடுப்பதைச் சமதர்மப் பரோபகாரம், பெண்ணுரிமை ஆசை என்றெல்லாம் தீர்ப்பிலேயே இகழ்ந்தனர். மக்கள் தெரிந்தெடுத்த சபை எவ்வளவு நல்லவளாகத் தன் ஊழியனை நடத்தலாம் என்பதற்கும் ஓர் எல்லைக்கோடு வரையப்பட்டது. ‘பொப்லரிசம்’ என்ற சொல் ஆங்கில அகராதியில் ஏறியது. ஒரு சாரார்க்கு வசை, மறுசாரார்க்குப் பெருமை.

இவ்வூரின் தன்மையை உணர்ந்தே போலும், 1931இல் வட்டமேசை மகாநாட்டுக்கு வந்த காந்தியடிகள், போ பகுதியிலுள்ள கிங்ஸ்லி மண்டபத்தில் தங்கினார். அதனை நடத்திவந்த மியூறியல் லெஸ்ரர் அம்மையார் பொப்லர் நகரசபையிலும் பணிபுரிந்தவர். லான்ஸ்பரி 1932இல் தொழிற்கட்சியின் தலைவராகி, மூன்று வருடம் அப்பொறுப்பிலிருந்து, 1940இல் காலமானார். அதே ஆண்டு செப்டெம்பரில் தொடங்கிய விமானத் தாக்குதலில் துறைகளும் தெருக்களும் எரிந்தன. அச்சாம்பலில் எழுந்த புதிய குடியிருப்புக்கு லான்ஸ்பரியின் பெயரே இடப்பட்டது. 1951ஆம் ஆண்டுப் பிரித்தானிய விழாவில் அது காட்சிப் பொருளாகவும் விளங்கிற்று. 1965இல் பொப்லர், ஸ்ரெப்னி, பெத்னல்கிறீன் மூன்றும் இணைந்து ரவர் ஹம்லெற்ஸ் என்ற புதிய பிரிவாயின. பொப்லர் நகரசபை என்ற பெயர் அத்துடன் மறைந்தது.

கதை அங்கு முடியவில்லை. பெட்டகக் கப்பல்கள் வந்தபின் பழைய துறைகள் பயனற்றன. 1967இல் கிழக்கிந்தியத் துறையும், 1980இல் மேற்கிந்திய, மில்வோல் துறைகளும் மூடப்பட்டன. 1981இல் மத்திய அரசாங்கம் அப்பகுதிக்கென ஒரு கூட்டுத்தாபனத்தை நியமித்து, நிலத்தைத் திட்டமிடும் அதிகாரத்தை மக்கள் தெரிந்தெடுத்த சபையிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தது. 1982இல் நாய்த்தீவு சலுகை வலயமாகப் பிரகடனமாயிற்று. அங்கு வரும் கம்பனிகள் பத்து வருடத்துக்கு உள்ளூர் வரி செலுத்தத் தேவையில்லை! வேலையற்ற ஏழைகளின் வரியைப் பகிர்ந்துகொள்ளுங்கள் என்று கேட்டவர்கள் சிறைசென்ற அதே மண்ணில், பெரும் நிறுவனங்களுக்கு வரியே வேண்டாம் என்று சட்டம் சொன்னது. அன்று வரி விதிக்க மறுத்தது குற்றம். அறுபது வருடத்துக்குப் பின் வரியை விட்டுக்கொடுத்தது அபிவிருத்தி.

1991இல் கனரி வோவ் என்னுமிடத்தில், அப்போது பிரித்தானியாவிலேயே மிக உயர்ந்ததாயிருந்த கட்டடம் எழுந்தது. கனரித் தீவுகளின் பழங்களை இறக்கிய பழைய பண்டகசாலையின் பெயரே அவ்விடத்துக்கு நிலைத்தது. இன்று அங்கு உலக வங்கிகளின் காரியாலயங்கள் வானளாவி நிற்கின்றன. அவற்றின் நிழல் விழும் தூரத்திலேயே, நாட்டில் சிறுவர் வறுமை மிகுந்த இடங்களுள் ஒன்றாகக் கணிக்கப்படும் தெருக்கள் இருக்கின்றன. துறைமுகத் தொழிலாளரின் சந்ததியாரோடு, வங்காளத்திலிருந்து வந்து குடியேறியோரும் அங்கு வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டுக் குடிசனக் கணக்கின்படி ரவர் ஹம்லெற்ஸ் மக்களுள் மூன்றிலொரு பங்கினர் வங்காளதேச வழியினர். 2020 யூனில், மேற்கிந்தியத் துறையை நிறுவுவதில் முன்னின்றவரும் அடிமைகளைச் சொத்தாகக் கொண்டிருந்தவருமான றொபேட் மில்லிகனின் சிலை துறைக்கரையிலிருந்து அகற்றப்பட்டது. சிலை போயிற்று, செல்வம் ஊடாகப் போவதும் வறுமை தங்கி நிற்பதுமான பழைய ஒழுங்கு முற்றாகப் போய்விடவில்லை.

உள்ளூராட்சி என்றால் தெருவிளக்கும் வடிகாலும் குப்பை வண்டியும் என்று நாம் நினைத்துவிடுகின்றோம். அவை வேண்டியவையே. ஆயினும், நமது நகரசபைகளும் இங்கிலாந்தின் அச்சில் வார்க்கப்பட்டவை. சோலைவரிப் புத்தகமும் அங்கிருந்தே வந்தது. பெறுமதியுள்ள கட்டடங்கள் நிறைந்த ஊருக்கு வருமானம் உண்டு, ஓலைக்குடிசைகள் நிறைந்த ஊருக்கு இல்லை என்ற முரண்பாடும் அதனோடு சேர்ந்தே வந்தது. ஏழை ஊர் தன் வறுமையைத் தானே சுமக்கட்டும் என்று எவராவது நம்மிடம் சொல்லும்போது, செங்கோலை முன்னே பிடித்துக்கொண்டு நீதிமன்றத்துக்கு நடந்த அந்தத் துறைமுகத் தொழிலாளரையும், மணிக்கூட்டில் பெயராக நிற்கும் அந்த ஆசிரியையையும் நாம் நினைத்துக்கொள்வோமாக.